தூண்டிற்காரரின் பை

சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் நியூசிலாந்து நாட்டுக்குப் புறப்பட ஆயத்தமானார். அந்நாட்டின் தென் தீவிலுள்ள மலையாறுகளில், வழிகாட்டி ஒருவரின் துணையோடு ஒரு வாரம் ட்ரவுட் மீன் பிடிப்பது அவர் நோக்கம். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று வழிகாட்டி எழுதியனுப்பியிருந்த பட்டியலை அவர் என்னிடம் காட்டினார். கம்பளிச் சட்டை இரண்டு, மழைச்சட்டை ஒன்று, அகன்ற விளிம்புடைய தொப்பி, நீரின்மேல் படும் ஒளியின் கூச்சத்தைத் தணிக்கும் கண்ணாடி, மீன் பிடிக்கும் உரிமச் சீட்டு, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து. தூண்டிற்கோல் இல்லாவிடினும் தாழ்வில்லை, தாமே தருவதாக வழிகாட்டி எழுதியிருந்தார். இவையெல்லாம் எதிர்பார்க்கத் தக்கவையே. ஆனால் பட்டியலின் தலையில், அடிக்கோடிட்டு, வேறொரு வரி இருந்தது: நீரில் இறங்கும் காலணிகளைத் தேய்த்துக் கழுவி, உட்புறமும் முற்றிலும் காயவைத்துக் கொண்டுவர வேண்டும், கம்பளித் தகடு ஒட்டிய அடிப்பாகம் உடைய காலணி கூடவே கூடாது.

"ஆற்றில் இறங்குவதற்குக் காய்ந்த காலணி எதற்கு?" என்று நான் சிரித்தேன். நண்பருக்கும் காரணம் தெரியவில்லை. அந்த ஒரு வரிக்குப் பொருள் தேடிப் புறப்பட்ட நான், ஏறத்தாழ 1800 ஆண்டுக் கதை ஒன்றினுள் நுழைந்துவிட்டேன். மன்னர்களின் வரலாற்றைப் போர்க்களத்தில் தேடுகிறோம். எளிய மனிதர் பொழுதுபோக்குக்காகச் சுமந்து சென்ற ஒரு பையிலும் வரலாறு அடங்கியிருக்கக் கூடும் என்பதை மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இந்தத் தூண்டிலின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். நம் குளக்கரையில் தூண்டில் போடுவோர் மண்புழுவையோ மாவுருண்டையையோ முள்ளில் கோப்பர். ஈயக் குண்டு இரையை நீருக்குள் இழுக்கும். ஈத்தூண்டில் அத்தகையதன்று. ட்ரவுட் என்பது குளிர்ந்த, தெளிந்த ஓடையில் வாழும் மீன். நீரின்மேல் வந்தமரும் சிறு பூச்சிகளை எழும்பிக் கவ்வுவது அதன் பழக்கம். அப்பூச்சியைப் போலவே இறகாலும் மயிராலும் முள்ளின்மீது ஒரு பொய் ஈயைக் கட்டி, நீரின்மேல் மெல்ல இறக்குவதே இக்கலை. அந்த ஈக்கு எடையே இல்லை. ஆகையால் அதனைத் தூர எறிய முடியாது. கயிற்றின் எடையே வளைந்து நீண்டு அதனைச் சுமந்து செல்ல வேண்டும். கோல், கயிறு, ஈ ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடில் நாள் முழுதும் நின்றாலும் வெறுங்கைதான்.

இக்கலையைப் பற்றிய பழைய செய்தி ஏலியன் என்ற ரோமானியர் கி. பி. 200ஆம் ஆண்டையொட்டிக் கிரேக்க மொழியில் எழுதிய நூலில் உள்ளது. மக்கெதோனியா நாட்டில் ஓர் ஆறு. அதில் புள்ளியிட்ட உடலுடைய மீன்கள். அவை விரும்பித் தின்னும் பூச்சியைப் பிடித்து முள்ளில் கோத்தால், கைபட்ட மாத்திரத்தில் அதன் நிறம் கெட்டு, சிறகு ஒடிந்துவிடுகிறது. எனவே அவ்வூர் மீனவர் முள்ளைச் சுற்றிச் சிவந்த கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடியருகே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைப் பொருத்தினர். கோலின் நீளம் 6 அடி. கயிற்றின் நீளமும் 6 அடி. ஆட்டின் மயிர், சேவலின் இறகு, காட்டின் கழி. அவர்களுடைய பையில் அவ்வூர் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பொருள் அனேகமாக எதுவும் இருந்திராது.

அடுத்து நம் கண்முன் நிற்பது இங்கிலாந்து. 1496ஆம் ஆண்டில் வின்கின் டி வோர்ட் என்ற அச்சகத்தார் தூண்டில் கலை பற்றிய சிறு நூலொன்றை, வேட்டை பற்றிய பெரிய நூலோடு சேர்த்து வெளியிட்டார். ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னித் துறவியே அதனை இயற்றினார் என்பது மரபு; உறுதியான சான்று இல்லை. எவர் எழுதினாராயினும் கைத்தொழில் நன்கறிந்தவர் எழுதியது அது. அக்காலத்தில் தூண்டிற்காரர் பொருள்களை வாங்கிப் பையில் அடுக்குவதில்லை. பையிலிடும் ஒவ்வொன்றையும் தாமே செய்துகொண்டனர். குளிர்காலத்தில் கழி வெட்டி, சூட்டில் வாட்டி நிமிர்த்தி, மாதக்கணக்கில் உலர்த்தி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவே துளையிட வேண்டும். மெல்லிய நுனிக்கோலை அத்துளைக்குள் மறைத்துவிட்டால் பார்ப்பவர்க்கு அது வெறும் ஊன்றுகோல்! எங்கே போகிறீர் என்று எவரும் கேட்க மாட்டார் என அந்நூல் குறும்போடு சொல்கிறது. முள்ளுக்குத் தையல் ஊசியே மூலப்பொருள். கரி நெருப்பில் அதனைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கத்தியால் எதிர்முள் கிளப்பி, மறுபடி காய்ச்சி வளைக்க வேண்டும். அதற்கு இடுக்கி, அரம், சிறு சுத்தி, பட்டடை எல்லாம் வேண்டும். கயிறு வெண்குதிரையின் வால்மயிரைத் திரித்தது. சிறு மீனுக்கு ஒரே மயிர், சால்மன் மீனுக்கு 15 மயிர். நீரின் நிறத்துக்கேற்ப அதற்குச் சாயமும் ஏற்றவேண்டும். பிறகு, திங்கள்தோறும் பறக்கும் பூச்சிகளுக்கு ஏற்றவாறு 12 ஈக்கள்.

அந்நூலின் முடிவில் சில கட்டளைகள் உள்ளன. பிறர் வேலியை முறிக்காதே. திறந்த படலை மூடிச் செல். ஒரே நாளில் அளவுக்கு மீறி மீன் பிடிக்காதே. பையின் பட்டியலோடு ஒழுக்கத்தின் பட்டியலும் சேர்ந்தே பிறந்தது என்பது எனக்குப் பெரு வியப்பைத் தந்தது.

ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூலை ஆங்கிலம் பயிலும் மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பர். அவர் ஈத்தூண்டிலில் பெரிய வல்லுநர் அல்லர். அக்குறையை 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் நண்பர் சார்லஸ் காட்டன் இரண்டாம் பாகம் எழுதி நிறைவு செய்தார். அப்பாகத்தின் கதை நமக்குப் பொருத்தமானது. வழிப்போக்கர் ஒருவரை உள்ளூர்க்காரர் ஒருவர் வழியில் சந்தித்து, தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, டவ் என்ற ஆற்றங்கரையில் நிறுத்தி, ஈ கட்டவும் வீசவும் கற்பிக்கிறார். விருந்தினர் ஊக்கத்தை மட்டும் கொண்டுவந்தாற் போதும். மற்றவை ஆற்றை அறிந்தவரிடம் உண்டு. இன்றைய வழிகாட்டிப் பயணத்தின் வடிவம் அங்கேயே தோன்றிவிட்டது என்பேன். காட்டன் 1674இல் அவ்வாற்றங்கரையில் கட்டிய சிறு கல்வீடு இன்றும் நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பையின் தன்மை முற்றும் மாறியது. பிரிட்டனின் கப்பல்கள் உலகெங்கும் சென்றன. உலகமும் தூண்டிற்பைக்குள் வந்து சேர்ந்தது. கோலுக்குத் தென் அமெரிக்கக் கயானாக் காடுகளின் பச்சைமரம் வந்தது. இந்தியாவிலிருந்து கல்கத்தா மூங்கில் என்ற பெயரோடு மூங்கில் சென்றது. அதனை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளைப் பசையால் ஒட்டி, இலேசும் வளைவும் கொண்ட கோல் செய்யும் முறை அமெரிக்காவில் வளம்பெற்றது. பென்சில்வேனியாவில் சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கித் தொழிலாளர் இதில் முன்னோடிகளுள் ஒருவர். குதிரை மயிரின் இடத்தை ஸ்பெயின் நாட்டு மூர்சியாவின் பட்டுப்புழு பிடித்துக்கொண்டது. கூடு கட்டும் பருவத்துப் புழுவைப் புளிக்காடியில் ஊறவைத்து, அதனுள் இருக்கும் பட்டுச் சுரப்பியைப் பிதுக்கி இழுத்தால் கண்ணாடி போன்ற நரம்பு கிடைக்கும். அந்நரம்பு உலர்ந்தால் பொட்டென்று முறியும். ஆகையால் ஈரத்துணியிட்ட தகரப் பெட்டி ஒன்று பையில் ஏறியது. கயிறோ பட்டினால் ஆனது. ஒவ்வொரு மாலையிலும் அதனை அவிழ்த்து உலர்த்தி, கொழுப்புப் பூசாவிட்டால் உளுத்துப் போகும். ஆகையால் உலர்த்தும் சட்டமும் கொழுப்புச் சிமிழும் ஏறின. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து சார்லஸ் ஆர்விஸ் 1874இல் காப்புரிமை பெற்ற கயிற்றுருளையில் பக்கமெல்லாம் துளைகள். அழகுக்கென்று நான் நினைத்தேன். காற்று புகுந்து பட்டுக் கயிறு உலர்வதற்கும் அவை உதவின.

இவ்வளவையும் தாமே சுமப்பது எங்ஙனம்? ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் 'கில்லி' என்பார் இதற்கென இருந்தனர். பையன், பணியாள் என்பது அம்மொழியில் அச்சொல்லின் பொருள். கோலையும் கூடையையும் சுமந்தவர்கள் அவர்கள். மீன் எந்தப் பாறை மறைவில் கிடக்கிறது என்பதைச் சொன்னவர்களும் அவர்களே. மீனோடு படம் பிடித்துக்கொண்ட கனவான்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. இடம் காட்டியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 1897இல் வழிகாட்டிகளைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியபோது, முதல் உரிமம் பெற்றவர் கார்னீலியா கிராஸ்பி என்ற பெண்மணி. சுமைதூக்கியாகக் கருதப்பட்ட தொழிலுக்கு இப்படியாக ஒரு மதிப்பு வந்தது.

இனி, அக்காலப் பையில் மிகுந்த பெருமையோடு வைக்கப்பட்ட ஈப்பெட்டியைத் திறந்து பார்ப்போம். சால்மன் மீனுக்கெனக் கட்டிய ஈக்கள் எந்தப் பூச்சியையும் ஒத்தவையல்ல. செம்மை, நீலம், பொன்னிறம் என்று அரசவை ஆடையைப் போல் மின்னுபவை. ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட சால்மன் ஈ நூல் பல நாட்டுப் பறவைகளின் இறகுகளை வேண்டுகிறது. அவற்றுள் ஒன்று நம் மலைகளில் கூவுவது: சாம்பல் நிறக் காட்டுக்கோழி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விடியற்காலையில் நடந்தவர்கள் அதன் உடைந்த குரலைக் கேட்டிருப்பர். சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் அரக்கு முத்திரை வைத்தாற்போல் பளபளக்கும் புள்ளி உண்டு. ஈயின் இருபுறமும் அதனைப் பொருத்தினால் சிறு மீனின் கண் போலத் தோன்றும். இப்பறவையின் அறிவியற் பெயரில், புதுச்சேரிக்கு வந்து தங்கிய பிரெஞ்சுப் பயணி சொன்னராவின் பெயர் இணைந்திருக்கிறது. ஸ்காட்லாந்து ஆற்றில் ஒரு மீனுக்காக, நம் காட்டில் ஒரு சேவல் கழுத்தை இழந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்குக் காப்பு அளித்தது. இன்று மேல்நாடுகளில் இவ்வினத்தைக் கூண்டில் வளர்த்து இறகு எடுக்கின்றனர்.

பழைய ஈக்களின் மோகம் பழங்கதையாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் சாளரத்தை உடைத்து நுழைந்த ஓர் இளைஞர், பதப்படுத்திய பறவைத் தோல்கள் 299ஐத் திருடிச் சென்றார். பொருள் வேண்டி, சால்மன் ஈ கட்டுவோர்க்கு இறகுகளை விற்பதற்கு. அவற்றுள் ஆல்பிரட் ரசல் வாலஸ் மலேயத் தீவுகளில் திரட்டியனுப்பிய பறவைகளும் இருந்தன. திருடர் பிடிபட்டார், பல தோல்களும் மீண்டன. ஆனால் பலவற்றின் காலில் கட்டியிருந்த சிறு சீட்டு அறுபட்டுப் போயிருந்தது. எந்த நாளில், எந்தத் தீவில் பிடித்தது என்று சொல்லும் அச்சீட்டு இல்லாத பறவை ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பயன்படாது. நூற்றைம்பது ஆண்டு உழைப்பை அழிக்க ஒரு கத்தரிக்கோல் போதுமாயிருந்தது. இதனைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

உலகப் போருக்குப் பின் பை சுருங்கத் தொடங்கிற்று. நைலான் வந்தவுடன் பட்டுப்புழு நரம்பும் தகரப் பெட்டியும் மறைந்தன. பூச்சிட்ட செயற்கைக் கயிறு வந்தவுடன் கொழுப்புச் சிமிழும் உலர்த்தும் சட்டமும் தேவையற்றுப் போயின. மூங்கிலுக்குப் பதில் கண்ணாடியிழை, 1970களில் கரியிழை. இன்றைய 9 அடிக் கோல் 100 கிராமுக்கும் குறைவான எடையுடையது. நான்கு துண்டாய்க் கழன்று கைக்குழலுக்குள் அடங்கும். பொய் ஈக்களும் பெரும்பாலும் பண்ணைக் கோழியின் இறகாலும் செயற்கை இழையாலும் கட்டப்படுகின்றன. ஜூலியானாவின் காலத்தில் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்பதை அதனைச் சுமந்தவர் அறிவார். இன்று அதனை அறிந்தவர் அரியர்.

ஆனால் தூண்டிற்காரர் உலகெங்கும் கட்டிச் சென்ற பொருள்களுள் மிகவும் அரியது கோலும் அன்று, ஈயும் அன்று, மீனேதான். ட்ரவுட் மீன் நியூசிலாந்துக்கு உரியதன்று. ஆஸ்திரேலியாவுக்கும் உரியதன்று. அங்கே குடியேறிய ஆங்கிலேயர் தாய்நாட்டு ஆற்றின் நினைவை மறக்க இயலாமல் அதனை வரவழைத்தனர். வெப்ப மண்டலத்தைக் கடந்து, பாய்க்கப்பலில் மூன்று மாதம், உயிருள்ள மீன்முட்டையை எவ்வாறு கொண்டு செல்வது? 1860இலும் 1862இலும் செய்த முயற்சிகள் தோற்றன. ஜேம்ஸ் யூல் என்பவர் மனம் தளரவில்லை. லண்டனில் ஒரு பனிக்கட்டி வணிகக் கிடங்கில் சோதனைகள் நடத்தி வழி கண்டார். சிறு மரப்பெட்டியில் கரித்தூள் பரப்பி, பாறைகளில் மெத்தையாய் வளரும் பாசியை ஈரத்தோடு இட்டு, அதன்மேல் முட்டைகளை வைத்து, மீண்டும் பாசியால் மூடி, பனிக்கட்டிக்கு அடியில் அடுக்கவேண்டும். குளிரில் முட்டை உறங்கும். பாசியினூடே உருகிவரும் நீர் அதனை நனைக்கும்.

1864 ஜனவரியில் 'நார்ஃபோக்' என்ற கப்பல் இப்பெட்டிகளோடு புறப்பட்டது. அதில் சென்றவை பெரும்பாலும் சால்மன் முட்டைகள், ஏறத்தாழ ஒரு லட்சம். ட்ரவுட் முட்டைகளோ சுமார் 3000 மட்டுமே. கடைசி நேரத்தில் நண்பர்கள் சிலர் அன்பளிப்பாகத் தந்தவை. ஏப்ரலில் டாஸ்மேனியாத் தீவின் பிளென்டி ஆற்றங்கரையில் அவை இறக்கப்பட்டன. ஊரே காத்திருந்த சால்மன் பொரித்து, கடலுக்குச் சென்று, திரும்பவே இல்லை. எவரும் பெரிதாக எண்ணாத ட்ரவுட் தழைத்துப் பெருகியது. அவற்றின் வழிவந்த முட்டைகளே 1867இல் நியூசிலாந்துக்குச் சென்றன.

நம் நீலகிரியின் கதையும் இதன் கிளையே. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் அச்சிட்ட நூலில், இந்நாட்டு ஆறுகளில் மகசீர் போன்ற வலிய மீனுக்கு எத்தகைய கருவிகள் வேண்டும் என்று விரித்துரைத்தார். இங்குள்ள மீனை அறிந்து பையைக் கட்டச் சொன்னவர் அவர். வேறு சிலரோ மீனையே மாற்ற எண்ணினர். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொணர முயன்று வெற்றி காணவில்லை. 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகே வானவில் ட்ரவுட் அங்கு நிலைபெற்றது.

நியூசிலாந்தில் மகிழ்ச்சியோடு துயரமும் வந்தது. அந்நாட்டு ஓடைகளில் கூட்டங்கூட்டமாகத் திரிந்த 'உப்போகொரோரோ' என்ற மீன், மவோரி மக்களின் உணவு. ட்ரவுட் வந்த சில பத்தாண்டுகளில் அது அருகிற்று. காடழிப்பும் காரணம், நோயும் காரணமாகலாம், ட்ரவுட்டும் காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர். 1951இல் அரசு அதற்கு முழுப் பாதுகாப்பு அளித்துச் சட்டம் செய்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த மீன் கண்ணுக்குத் தெரியாமற் போயிருந்தது. இல்லாத மீனுக்கு ஒரு சட்டம்!

இப்போது காலணிக்கு வருகிறேன். வழுக்கும் கற்களின்மேல் நிற்க முற்காலத்தில் அடியில் ஆணி அடித்த காலணி அணிந்தனர். பிறகு தடித்த கம்பளித் தகடு ஒட்டினர். பாறையைப் பற்றுவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அது ஈரத்தை நாட்கணக்கில் விடாது. 2004ஆம் ஆண்டு அக்டோபரில் தென் தீவின் கீழ் வையாவு ஆற்றில் 'டிடிமோ' என்ற அயல்நாட்டு நுண்பாசி கண்டறியப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஓரணு உயிர் அது. ஆனால் பெருகினால் ஆற்றின் அடிக்கற்கள் முழுவதும் அழுக்குக் கம்பளி போர்த்தாற்போல் ஆகிவிடும். ஒரு துளி நீரில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குச் செல்லவல்லது. தூண்டிற்காரரின் காலணியைவிட அதற்கு நல்ல வாகனம் வேண்டுமா? 2008 முதல் கம்பளி அடிக்காலணி அங்கே தடை செய்யப்பட்டது. பயன்படுத்திய மீன்பிடிக் கருவிகளோடு வருவோர் விமான நிலையத்திலேயே அதனை அறிவித்துச் சோதனைக்குக் காட்டவேண்டும். அன்று பாசியில் பொதிந்து மீனைக் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பாசி வந்துவிடக் கூடாதே என்று வாயிலில் காவல் நிற்கின்றனர்.

இவற்றையெல்லாம் நான் சொன்னபோது நண்பர் மறுமொழி கூறவில்லை. பரணிலிருந்து தம் பழைய காலணிகளை இறக்கி, முற்றத்தில் ஒரு வாளி வெந்நீரும் பல் துலக்கும் தூரிகையுமாக அமர்ந்துவிட்டார். இளமையில் அனுமதிச் சீட்டுப் பெற்றுப் பல முறை ஓடைகளில் இறங்கிய காலணி அது. அடியிலிருந்த கம்பளித் தகட்டைக் கத்தியால் பெயர்த்தபோது, தையலின் இடுக்கிலிருந்து ஒரு கட்டி மண் உதிர்ந்தது. கைவிரலால் நசுக்கிப் பார்த்தார். செம்மண். "அவலாஞ்சி" என்றார் நண்பர். அதனைத் திரட்டி ஒரு காகிதத்தில் மடித்து, கிணற்றடிக் குப்பையில் போடாமல், அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்.